கேட்காத விளம்பரத்துக்கு வந்த பில்

2011-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம் யெல்லோ பேஜ் மார்க்கெட்டிங், யெல்லோ பப்ளிஷிங் என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சேர்த்து 27 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அவை செய்ததென்னவோ பார்வைக்குச் சின்னக் காரியம்தான். கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் ஒரு பக்க ஃபேக்ஸ் அனுப்பின. மேலே, தொலைபேசி டைரக்டரிகளில் பார்த்துப் பழகிய நடக்கும் விரல்கள் படம். அதன் கீழே கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். விவரம் சரியா என்று பார்த்து, பிழையிருந்தால் திருத்தி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிற வேலை. இப்படிக் கையெழுத்திடுவது ஆண்டுக்கணக்கில் நீளும் கட்டண விளம்பரத்துக்கு ஆர்டர் கொடுப்பதாகும் என்ற விஷயம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். சில வாரங்களில் பில் வரும்.

இதே ஃபேக்ஸ் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிருந்தது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2011-ல் வழக்குத் தொடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ நீதிமன்றம் 2012-ல் பெருந்தொகையைத் தண்டமாக விதித்தது. மூன்று நாடுகளின் சட்டங்கள் சேர்ந்து துரத்த வேண்டியிருந்தது ஒரு தாளை. ஆனால் அந்தத் தாளில் அச்சான எழுத்தை வரிவரியாக எடுத்துப் பார்த்தால், பொய் என்று நேராகச் சுட்டக்கூடியது குறைவு. ஒப்பந்தம் என்று சொல்லியிருக்கிறது. தொகையைச் சொல்லியிருக்கிறது. அந்த விரல் படத்துக்குக்கூட அமெரிக்காவில் உரிமையாளர் கிடையாது. பெல் தொலைபேசிக் குழுமம் அதை 1960-களில் பரப்பியதே தவிர, தனக்கு மட்டுமான வணிகச் சின்னமாகக் காத்துவைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டிக்கொண்டார்கள்.

பழைய தொழில்தான் இது. டெலக்ஸ் இருந்த காலத்தில் டெலக்ஸ் டைரக்டரி என்று பில் வந்தது; ஃபேக்ஸ் வந்தபின் ஃபேக்ஸ் டைரக்டரி; இன்று இணையத்தில் உலக வணிகப் பதிவேடு, ஐரோப்பிய நகரக் கையேடு என்று பெரிய பெரிய பெயர்கள். அச்சிட்ட டைரக்டரி என்று ஒன்று இருந்தால் அச்சுக்கூலியாவது ஆகியிருக்கும். இணையம் அந்தச் செலவையும் மிச்சப்படுத்திக் கொடுத்தது. ஒரு வலைத்தளம், அதில் யாரும் தேடிப் பார்க்காத சில ஆயிரம் பெயர்கள். விளம்பரம் வெளியாகிவிட்டது என்று சாதிக்க அது போதும்.

ஃபேக்ஸை விடத் தந்திரமானது தொலைபேசி. அழைப்பவர் விற்க வந்தவர்போலப் பேசவே மாட்டார். "போன வருஷம் போட்ட விளம்பரத்துக்கு ரினியூவல் வருது, மேடம். அட்ரஸ் அதேதானே? பின்கோடு சொல்லிடுங்க. பில் உங்க பேருக்கே அனுப்பிடறேன், உங்க பேரு?" எதிர்முனையில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான வரவேற்பாளராக இருக்கலாம். போன வருஷம் என்ன போட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முகவரியை உறுதிசெய்கிறார், பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயர்தான் பின்னால் வரும் பில்லில், ஆர்டர் கொடுத்தவர் என்ற கட்டத்தில் இருக்கும். பேச்சு பதிவாகியிருக்கும். முகவரிக்குச் சொன்ன "ஆமாம்" ஒப்பந்தத்துக்குச் சொன்ன "ஆமாம்" ஆக மாறி ஒலிக்கும். பில்லைப் பார்க்கிற கணக்கருக்கு அது தங்கள் ஊழியர் கொடுத்த ஆர்டர். முதலாளியிடம் எடுத்துப் போகிற அளவுக்குத் தொகையும் பெரிதாக இருக்காது. அதையும் கணக்குப் பண்ணித்தான் தொகையை வைக்கிறார்கள்.

பில்லோ ஃபோனோ இல்லாமல், பணம் கொடுப்பதுபோலவே வலை விரித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் சிறு நிறுவனங்களுக்கும் தனி நபர்களுக்கும் தபாலில் ஒரு செக் வந்தது. பெரும்பாலும் மூன்றரை டாலருக்கு. பார்வைக்கு ஏதோ பழைய பாக்கி கழிந்து திரும்பி வந்த பணம். செக்கின் பின்பக்கத்துப் பொடி எழுத்து வேறு சொன்னது: இதை வங்கியில் போட்டால் மாதக் கட்டண இணைய சேவைக்குச் சம்மதித்ததாக அர்த்தம். சுமார் 2,25,000 பேர் போட்டார்கள். எல்லாம் எழுதித்தானே இருக்கிறது, படிக்காதது அவர்கள் தவறு என்பது நிறுவனத்தின் வாதம். 2006-ல் ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கட்டும். மொத்தத்தில் அந்தத் தாள் படிப்பவர் மனத்தில் என்ன எண்ணத்தை உண்டாக்குகிறது என்பதே கேள்வி என்றது. அந்த வழக்கில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு விகிதம். கட்டணம் கட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரில் அந்த இணைய சேவையை ஒருமுறையாவது திறந்து பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வாங்கிய பொருளை எவரும் தொடவில்லை என்றால், தாங்கள் அதை வாங்கியதே எவருக்கும் தெரியாது என்றுதானே பொருள். டைரக்டரி வழக்குகளிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்: அந்தப் பக்கத்தைப் பார்த்து உங்களை அழைத்த வாடிக்கையாளர் ஒருவராவது உண்டா?

பில் வந்தபின் நடப்பது மோசடியின் இரண்டாம் பாதி, என் கணக்கில் முக்கியமான பாதி. முதலில் நினைவூட்டல். பிறகு தாமதக் கட்டணம் சேர்த்த பில். பிறகு வேறொரு பெயரில் வசூல் ஏஜென்சி. பல நேரம் அதே கூடாரத்துக்குள் உள்ள இன்னொரு மேசை. பிறகு வக்கீல் நோட்டீஸ் சாயலில் ஒரு கடிதம், கடன் மதிப்பெண் கெட்டுப்போகும் என்ற மிரட்டல். கடைசியில் கருணை: இன்றே கட்டினால் பாதி போதும். நீதிமன்றத்துக்கு மட்டும் பெரும்பாலும் போகமாட்டார்கள். அந்தத் தாளை ஒரு நீதிபதி கையில் எடுத்துப் பார்ப்பதை அவர்கள் விரும்புவதில்லை. டைரக்டரி என்பது சும்மா ஒரு சாக்கு. இவர்கள் விற்கிற சரக்கு அந்த வசூல் கடிதம். அது நின்றுபோவதற்காகத்தான் வியாபாரி பணம் கட்டுகிறார். கட்டியதும் விஷயம் முடிகிறதா? கட்டுகிறவர் என்ற பட்டியலில் பெயர் ஏறுகிறது. அடுத்த ஆண்டு வேறு பெயரில் வேறு டைரக்டரி.

இத்தனை பழைய, இத்தனை வெளிப்படையான மோசடியைச் சட்டங்கள் ஏன் சுலபமாக நசுக்கவில்லை? உலகம் முழுக்க நுகர்வோர் சட்டங்கள் வீட்டுக்காக வாங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வியாபாரி என்றால் விவரம் தெரிந்தவர், தாளைப் படிப்பவர், ஆலோசகர் வைத்திருப்பவர் என்பது சட்டத்தின் எண்ணம். மூன்று பேர் வேலை செய்கிற அச்சகமும் மூவாயிரம் பேர் வேலை செய்கிற ஆலையும் அங்கே ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு நியாயமற்ற வணிக நடைமுறைகள் ஆணை நுகர்வோரை நன்றாகவே காத்தது. கேட்காத சரக்குக்கு பில் போன்ற தாளைச் சேர்த்து அனுப்புவதையே தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வியாபாரிக்கு அது பொருந்தவில்லை. அவருக்கென்று இருந்தது 2006-ன் தவறான விளம்பரம் பற்றிய ஆணை. அதில் அப்படித் தெளிவான தடைப் பட்டியல் கிடையாது. இந்த இடுக்கில்தான் ஐரோப்பிய டைரக்டரி மோசடிகள் தழைத்தன.

2008 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நானூறுக்கு மேற்பட்ட சிறு வியாபாரங்களின் புகார்கள் அதன் மனுக்கள் குழுவுக்கு வந்திருந்தன. ஏமாந்தவர்களில் பள்ளிகளும் நூலகங்களும் தொண்டு நிறுவனங்களும் உள்ளூர் சங்கங்களும் உண்டு என்று தீர்மானமே சொல்கிறது. ஸ்பெயினிலிருந்து இயங்கிய ஒரு நகரக் கையேட்டு நிறுவனத்தின் பெயரையும் எடுத்துக் காட்டியது. அந்த நிறுவனத்தின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது: பார்சலோனாவில் அதிகாரிகள் நெருக்கியதும் அது வலென்சியாவுக்கு இடம்மாறித் தொழிலைத் தொடர்ந்தது. ஏமாற்றுகிறவர் ஒரு நாட்டில், ஏமாறுகிறவர் இன்னொரு நாட்டில், வங்கிக் கணக்கு மூன்றாவது நாட்டில் என்றால் எந்த நாட்டுக் காவல் நிலையமும் வழக்கைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாது. 2011-ல் நாடாளுமன்றம் மறுபடியும் தீர்மானம் போட்டது. ஒரே விஷயத்துக்கு இரண்டாவது தீர்மானம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே முதலாவதன் பலனை ஊகிக்கலாம்.

இந்த விஷயத்தில் யோசித்துச் செய்தவர்கள் என்று நான் மதிப்பது பிரிட்டனின் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களை. கேட்காத சரக்குகள், சேவைகள் பற்றிய அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு டைரக்டரிக்கென்றே எழுதப்பட்டது. மோசடியா இல்லையா, ஏமாந்தாரா கவனக்குறைவா என்ற சகதியில் அது இறங்கவே இல்லை. டைரக்டரியில் பெயர் போட்டதற்குக் கட்டணம் வேண்டுமா? ஆர்டர் எங்கே, காட்டு. அந்த ஆர்டர் வியாபாரியின் சொந்த லெட்டர்பேடில், அவர் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாளில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் டைரக்டரிக்காரர் தயாரித்த குறிப்பில் வியாபாரி கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதில் கட்டணத் தொகை கையெழுத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். டைரக்டரி எது, எப்போது வெளிவரும், எத்தனை பிரதி என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கட்ட வேண்டியதில்லை. கட்டியிருந்தால் திரும்ப வாங்கலாம். கேட்பதே குற்றம். தொகை கையெழுத்துக்கு நேர் மேலே என்ற அந்த ஒரு விதி, பொடி எழுத்துத் தந்திரம் முழுவதற்கும் பதில். பின்னால் மின்னணு ஆர்டருக்கு ஏற்றபடி இந்த விதிகள் மாற்றப்பட்டன.

ஆஸ்திரேலியாவும் அதே வழியில் போனது. அங்குள்ள நுகர்வோர் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனுமதி பெறாத விளம்பரத்துக்கும் பதிவுக்கும் பணம் கேட்பதைத் தடுக்கிறது. அனுமதி இருந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததாக நிரூபிக்க வேண்டியவர் பணம் கேட்டவர். ஒரு சிறு வியாபாரி தான் ஆர்டர் தரவில்லை என்பதை எப்படி நிரூபிப்பார்? இல்லாத ஒன்றுக்கு ஆதாரம் ஏது? பொறுப்பை எதிராளி தலையில் வைத்ததும் வசூல் கடிதத்தின் மிரட்டலில் பாதி போய்விடுகிறது.

அமெரிக்கா எழுத்தின் அளவில் பிடித்தது. பில் போலத் தோன்றும் விற்பனைக் கடிதத்தைத் தபாலில் அனுப்பக் கூடாது. அனுப்பினால், இது பில் அல்ல, நீங்கள் ஏற்காதவரை எதுவும் கட்டக் கடமையில்லை என்ற எச்சரிக்கை அதில் பளிச்சென்று இருக்க வேண்டும். தபால் துறையின் விதி அதற்கு 30 பாயின்ட் எழுத்து கேட்கிறது, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம். நல்ல விதிதான். தபால்பெட்டிக்கு மட்டும் நல்லது. தொலைபேசியில் விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் விதி 1995-லிருந்து இருந்தும், ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியை அழைப்பதில் பெரும்பகுதியை அது விட்டுவைத்தது. அத்தகைய அழைப்பில் பொய் சொல்வதைத் தடுக்கும்படி ஃபெடரல் டிரேட் கமிஷன் அதை விரித்தது 2024-ல்தான். 2018-ல் தபால் புலனாய்வாளர்களோடும் சில மாநில அட்டர்னி ஜெனரல்களோடும் சேர்ந்து சிறு வியாபார மோசடிகளை ஒட்டுமொத்தமாக வேட்டையாடிய ஆபரேஷன் மெயின் ஸ்ட்ரீட் என்ற முயற்சியும் அங்கே நடந்தது.

ஜெர்மனியில் உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதியது. இடப்பக்கம் நிரப்பவேண்டிய கட்டங்களும் கையெழுத்துக் கோடும். வலப்பக்கம் நீண்ட பத்தியாக ஒரு குறிப்பு. அதற்குள் புதைந்து, ஆண்டுக்கு 650 யூரோ, இரண்டாண்டு ஒப்பந்தம். கண் இடப்பக்கத்தோடு நின்றுவிடும்படி அமைத்த தாள் அது. இணைய டைரக்டரிகளில் பெயர் பதிவது பெரும்பாலும் இலவசம். அப்படியிருக்க இப்படி ஒளித்த கட்டணப் பிரிவு எதிர்பாராத ஒன்று, எனவே ஒப்பந்தத்தின் பகுதியே ஆகாது என்றது நீதிமன்றம். கையெழுத்திட்டவர் வியாபாரி என்பது அந்த முடிவை மாற்றவில்லை. சுவிட்சர்லாந்து அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது: டைரக்டரிப் படிவத்தில் இது கட்டணச் சேவை, தனியார் சேவை என்பதும், எத்தனை காலம், மொத்தம் எவ்வளவு என்பதும் பெரிய எழுத்தில், புரியும் மொழியில் இருந்தாக வேண்டும்.

இதையெல்லாம் ஐரோப்பாவின் சமாசாரம் என்று நம் ஊரில் விட்டுவிட முடியாது. கரூரிலிருந்து பிராங்பர்ட்டின் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கும், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து இத்தாலியத் தோல் கண்காட்சிக்கும் போகிற ஏற்றுமதியாளர்களின் பெயரும் முகவரியும் கண்காட்சியின் பட்டியலிலேயே கிடைக்கின்றன. படிவம் அனுப்புகிறவர்களுக்கு அதைவிடச் சுத்தமான முகவரிப் பட்டியல் வேண்டாம். கடிதத்தில் கண்காட்சியின் பெயர் இருக்கும். அரங்க விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லும். ஒருங்கிணைப்பாளர்களே அனுப்பியதுபோலத் தோன்றும். கையெழுத்திட்டால் ஆண்டுக்கு ஆயிரம் யூரோவை ஒட்டி, மூன்று ஆண்டுக்கு. உலகக் கண்காட்சித் தொழிலின் கூட்டமைப்பான யூஎஃப்ஐ பல ஆண்டுகளாகச் சில டைரக்டரிகளைப் பெயர் சொல்லியே எச்சரித்து வருகிறது. வெளிநாட்டுச் சேவைக்குக் கட்டினால் ரிவர்ஸ் சார்ஜில் ஜிஎஸ்டியும் நாமே கட்ட வேண்டும் என்பதால், ஏமாந்தவர் அரசுக்கும் வரி செலுத்தி ஏமாற வேண்டியிருக்கும்.

இந்தியச் சட்டத்தில் டைரக்டரி விளம்பரத்துக்கென்று பிரிட்டனைப்போலத் தனிப் பிரிவு இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை விலக்குகிறது. தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு மட்டும் ஒரு சாளரம் வைத்திருக்கிறது. தையல் கடை வைத்திருக்கிறவர் அதன் வழியே நுழையலாம். பத்துத் தறி ஓட்டுகிறவர் வாசலில் வாதாட வேண்டியிருக்கும். மிச்சம் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். மௌனம் சம்மதமாகாது என்பது அதில் பழைய விதி, எனவே கேட்காமல் வந்த வெறும் பில்லுக்குப் பதில் எழுதாமலே இருக்கலாம். கையெழுத்திட்ட படிவம்தான் சிக்கல். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தை ரத்துசெய்ய 19-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு: தவறான கூற்றாலோ, மோசடியான மௌனத்தாலோ சம்மதம் பெற்றிருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்துசெய்ய முடியாது. படிவத்தை வடிவமைக்கிறவர் நிற்பது இந்த விதிவிலக்கின் மேல்தான். "கீழே எழுதியிருக்கிறதே சார்." ஜெர்மன் நீதிமன்றம் தள்ளிய வாதத்துக்கு இங்கே ஒரு சட்டப் பிரிவே நாற்காலி போட்டுக் கொடுக்கிறது. அப்பட்டமான பொய் சொல்லியிருந்தால் அந்த விதிவிலக்கு உதவாது. அப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு, ஏமாற்றுதல், கைகொடுக்கும். இணையம் வழி நடந்ததென்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதியலாம்.

நம் ஊரில் கறுப்பைவிடச் சாம்பல் நிறம்தான் அதிகம் என்பது என் எண்ணம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசின் தளத்தில் இலவசம். அதே நிறத்தில், அதே அசோகச் சக்கரச் சாயலில் தளம் அமைத்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிரேட் மார்க் விண்ணப்பம் பொதுப் பதிவேட்டில் ஏறிய சில நாளில், பன்னாட்டுப் பதிவேடு என்ற பெயரில் பில் வருகிறது. உலக அறிவுசார் சொத்து நிறுவனமான வைப்போ இதைப் பற்றி விடாமல் எச்சரித்துக்கொண்டிருக்கிறது. டொமைன் பெயர் காலாவதியாகிறது என்று சம்பந்தமில்லாத நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலும் இதே குடும்பம். உண்மையான டைரக்டரிகளின் விற்பனையாளர்களும் சில நேரம் சளைத்தவர்கள் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி அனுமதி வாங்கிக்கொண்டு, எத்தனை லீட் வரும் என்பதை வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதை மோசடி என்று சொல்ல முடியாது. அனுமதியை ரத்துசெய்ய வங்கிக்கே நேராக எழுதிக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அலுவலகத்துக்குள் செய்யக்கூடியது எல்லோரும் சொல்வதுதான்: பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத எந்த பில்லும் செக் ஆகக் கூடாது, ஃபோனில் வந்த எந்தக் கேள்விக்கும் எழுத்தில் அனுப்புங்கள் என்பதே பதில், விளம்பரத்துக்குக் கையெழுத்திட ஒருவருக்கு மட்டுமே அதிகாரம். கையெழுத்திட்டுவிட்டோம் என்று தெரிந்தால் அன்றே, ஏமாற்றிப் பெற்ற கையெழுத்து, ஒப்பந்தத்தை ரத்துசெய்கிறோம் என்று ஒரே ஒரு கடிதம், அனுப்பியதற்குச் சான்றோடு. அதற்குமேல் அவர்களோடு பேசத் தேவையில்லை. ஃபோனில் சமாதானம் பேசுகிறவர்தான் கடைசியில் பாதித் தொகை கட்டுகிறார்.

இந்தியாவில் பதிவு பெற்ற ஒருவரிடமிருந்து வந்த பில் என்றால் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி தளத்தில் இன்வாய்ஸ் மேலாண்மை முறை வந்திருக்கிறது. நம் ஜிஎஸ்டி எண்ணுக்கு எவராவது பில் போட்டு ஏற்றியிருந்தால் அது அங்கே தெரியும். ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே தளம் எடுத்துக்கொள்ளும். வரிக் கணக்குக்கான ஏற்பு அது, கடனை ஒப்புக்கொண்டதாகாது. ஆனாலும் வசூலுக்கு வருகிறவர் இந்த வித்தியாசத்தை நமக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். உங்கள் கணக்கிலேயே ஏறியிருக்கிறதே என்பார். மாதக் கடைசியில் கணக்கர் அந்தப் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயருக்கு எதிரே நிராகரி என்று அழுத்திவிட்டால், தேதியோடு அரசுத் தளத்திலேயே ஒரு மறுப்பு பதிவாகிவிடுகிறது. இப்போதைக்கு நம் வியாபாரியின் கையில் இருப்பதில், பிரிட்டனின் 3-ஆம் பிரிவுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது அதுதான்.